அமெரிக்க மதுவிலக்கும் நம் மேடைப் பெருமையும்

மீலாது விழா மேடைகளில் ஆண்டுதோறும் தவறாமல் ஒலிக்கின்ற கதை ஒன்று உண்டு. செல்வத்திலும் விஞ்ஞானத்திலும் உலகின் முதல் நாடாகிய அமெரிக்கா மதுவை ஒழிக்கச் சட்டம் செய்தது, பணத்தைக் கொட்டியது, காவலரை ஏவியது, பதின்மூன்று ஆண்டுகளில் தோற்று மண்டியிட்டது. எம்பெருமானார் (ஸல்) அவர்கள் திருவாய் மலர்ந்ததோ ஒரே அறிவிப்பு; மதீனத்துத் தெருக்களில் மது ஆறாக ஓடியது. பேச்சாளர் இந்த இடத்தில் சற்று நிறுத்துவார். கூட்டம் தக்பீர் முழக்கும். அதன்பின், சட்டம் தோற்ற அமெரிக்காவில் ஜாஸ் என்னும் வெறியிசை பெருகியதும், பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு ஆடியதும், குடும்பம் சிதைந்ததும் அடுக்கிச் சொல்லப்படும்.

இக்கதையை மேடையில் சொன்னவர்களுள் நானும் ஒருவன். ஆகவே பிறரைக் குறை கூறும் தகுதி எனக்கு இல்லை என்று எவரேனும் சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்நாட்டு வரலாற்றைச் சற்று நிதானமாகப் படித்த பிறகு, அந்தக் கதையை அப்படியே திரும்பச் சொல்ல என் நா எழவில்லை. காரணம், அதில் அமெரிக்காவைப் பற்றிய பாதி பிழையானது. மதீனாவைப் பற்றிய பாதியோ உண்மையெனினும், நாம் அதிலிருந்து எடுக்க வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததை எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். அரசியல் சட்டத்தின் 18-ஆம் திருத்தம் 1919 ஜனவரியில் உறுதியாகி, 1920 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அதைச் செயற்படுத்தும் வோல்ஸ்டெட் சட்டத்தை அதிபர் வில்சன் மறுத்தும், காங்கிரஸ் அவரை மீறி 1919 அக்டோபரில் நிறைவேற்றியது. இச்சட்டம் அடியோடு தோற்றது என்பதே நம் மேடைகளின் முடிபு. உண்மை அவ்வளவு எளிதன்று. பொருளாதார ஆய்வாளரின் மதிப்பீட்டின்படி, தொடக்க ஆண்டுகளில் குடி முன்னிருந்த அளவில் ஏறத்தாழ 30 விழுக்காடாகக் குறைந்தது. பின்னர் மெல்ல ஏறி 60, 70 விழுக்காட்டை எட்டியது. ஈரல் சுருங்கும் நோயால் இறந்த ஆண்களின் தொகை 1911-இல் லட்சத்துக்கு 29.5; அதுவே 1929-இல் 10.7. மாநிலங்கள் தனித்தனியே விதித்த தடைகளாலும் போர்க்காலக் கட்டுப்பாட்டாலும் இந்தச் சரிவு 1920-க்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எப்படியாயினும் அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் வாரக்கூலி முழுதாக வந்து சேர்ந்தது. மதுவை ஹராம் என்று நம்புகின்ற நாம் அந்த நன்மையை மறைத்து, ‘தோல்வி, தோல்வி’ என்று கொட்டி முழக்குவது யாருக்கு உதவும்? சாராயம் விற்போர் எல்லா நாட்டிலும் சொல்வதும் இதே வாதம் அல்லவா?

ஆனால் அச்சட்டம் வேறொரு வகையில் தோற்றது. அந்தத் தோல்வியை நம் மேடைகள் பேசுவதில்லை.

அந்தச் சட்டம் குடிப்பதைத் தடை செய்யவே இல்லை. காய்ச்சுவது, விற்பது, ஓரிடத்திலிருந்து ஓரிடம் கொண்டு செல்வது, இறக்குமதி, ஏற்றுமதி ஆகியவையே குற்றம். முன்பே வாங்கி வீட்டில் வைத்திருந்த மதுவை ஒருவன் ஆயுள் முழுதும் அருந்தலாம். திருத்தம் உறுதியாகியும் ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. அந்த ஓராண்டில் என்ன நிகழ்ந்திருக்கும் என்று வாசகர்களே ஊகிக்கலாம். பணம் படைத்தோர் நிலவறைகளை நிரப்பிக்கொண்டனர். நியூயார்க்கின் யேல் கிளப் பதினான்கு ஆண்டுகளுக்குப் போதுமான மதுவைச் சேர்த்து வைத்தது. சட்டமோ பதினான்கு ஆண்டு நீடிக்கவில்லை. அதிபர் ஹார்டிங் வெள்ளை மாளிகையின் மாடியில் சீட்டாடும்போது நண்பர்களுக்கு விஸ்கி வழங்கினார். காங்கிரஸ் உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கே மது கொண்டு சென்று கொடுத்த கேசிடி என்பவர், 1930-இல் வாஷிங்டன் போஸ்ட் ஏட்டில் தம் அனுபவத்தைத் தொடர் கட்டுரையாகவே எழுதினார். தடைக்குக் கைதூக்கிய கனவான்கள் பலரே அவருடைய வாடிக்கையாளர்!

மருத்துவர் சீட்டுக்கு விஸ்கி கிடைத்தது. திராட்சைச் சாற்றைக் கட்டியாக்கி விற்ற வணிகர், ‘இதை நீரில் கரைத்து நாள்கணக்கில் வைத்துவிடாதீர்கள், மதுவாகிவிடும்’ என்று எச்சரிக்கையும் சேர்த்து விற்றனர். ஹீலா தேடுவதில் நம்மவர்களே வல்லவர்கள் என்று இதுநாள்வரை எண்ணியிருந்தேன்.

ஏழை குடிகாரனுக்கு நிலவறை ஏது? அவனுக்குக் கிடைத்தது தொழிற்சாலைச் சாராயம். எவரும் குடித்துவிடாதிருக்க அதில் நச்சுப்பொருள் கலக்கும்படி அரசே ஆணையிட்டிருந்தது. 1926-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாள்களில் நியூயார்க் மருத்துவமனைகளில் அதைக் குடித்தோர் பலர் செத்தனர். அதன்பின்னும் கலக்கும் நஞ்சின் அளவை அரசு கூட்டியதேயன்றிக் குறைக்கவில்லை. 1930-இல் ஜமைக்கா இஞ்சிச் சாறு என்ற மலிவான மருந்துச் சரக்கில் கலந்திருந்த ஒரு வேதிப்பொருளால் ஆயிரக்கணக்கான ஏழைகள் கால் விளங்காமற் போயினர். மிச்சிகன் மாநிலத்தில் 1928-இல் பத்துப் பிள்ளைகளின் தாய் ஒருத்திக்கு, மது விற்றதற்காக, நான்காவது குற்றம் என்று கணக்கிட்டு ஆயுள் தண்டனை விதித்தார்கள். பின்னர் அது குறைக்கப்பட்டது. ஆயினும் விதித்தபோது கைதட்டியவர்கள் இருந்தார்கள்.

ஒரே நாடு, ஒரே சட்டம், இரண்டு கோப்பைகள். இது எங்ஙனம் நேர்ந்தது என்று கேட்க வேண்டும்.

இந்த இயக்கத்தில் முன்னின்றவர்களுள் பெண்கள் முக்கியமானவர்கள். 1874-இல் பிறந்த கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கத்தின் முறையீடு முழுவதும் நியாயமானது. கூலி நாளில் கணவன் நேரே சலூனுக்குப் போவான். (சலூன் என்றால் நம்மூரில் முடி திருத்துமிடம், அங்கே அது குடிக்கடை.) போனவன் வெறுங்கையோடு வருவான், வந்து அடிப்பான். பல மாநிலங்களில் அவளுக்கு வாக்குரிமையும் இல்லை. சொத்துரிமையும் முழுமையாக இல்லை. அந்தப் பெண்களின் கண்ணீரில் நம் வீட்டுப் பெண்களின் கண்ணீரைக் காணாதவனுக்குக் கண் இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் சட்டத்தை வென்று கொடுத்தது அந்தக் கண்ணீர் மட்டுமன்று. 1893-இல் ஒஹையோவில் தோன்றிய சலூன் எதிர்ப்புச் சங்கம், வேயின் வீலர் என்ற சூத்திரதாரியின் கையில் ஓர் அரசியல் இயந்திரமாயிற்று. அந்த இயந்திரத்துக்கு எண்ணெய் வார்த்தது வெறுப்பு. தென்மாநிலத்து வெள்ளையன் கறுப்பனின் கையிலுள்ள புட்டியைக் கண்டு அஞ்சினான். அலபாமா உறுப்பினர் ஹாப்சன் 1914-இல் காங்கிரசிலேயே அந்த அச்சத்தைக் கிளறிப் பேசினார். சிற்றூர்ப் புராட்டஸ்டன்ட், நகரத்துக் கத்தோலிக்கனின் மதுவை வெறுத்தான். இத்தாலியரின் திராட்சை மது, ஐரிஷ்காரரின் விஸ்கி, ஜெர்மானியரின் பீர் என்று ஒவ்வொரு கோப்பைக்கும் ஓர் அந்நியனின் முகம் இருந்தது. முதல் உலகப்போர் மூண்டு ஜெர்மனி பகைநாடாயிற்று. பீர் ஆலைகளோ பெரும்பாலும் ஜெர்மானியப் பெயர் தாங்கியவை. சங்கத்தார் அதைப் பயன்படுத்தத் தவறவில்லை. 1918 ஜனவரியில் இத்திருத்தத்துக்கு முதலாவதாக ஒப்புதல் தந்த மாநிலம் எது தெரியுமா? கறுப்பரை வாக்குச்சாவடிப் பக்கமே நெருங்க விடாத மிசிசிப்பி.

முகமூடி அணிந்த கூ க்ளக்ஸ் க்ளான் கூட்டம் 1915-இல் மீண்டும் உயிர்த்து, 1920-களின் நடுவில் பல லட்சம் உறுப்பினரைப் பெற்றது. அது தன்னை மதுவிலக்கின் காவலனாக அறிவித்துக்கொண்டது. இலினாய் மாநிலத்தின் வில்லியம்சன் மாவட்டத்தில் 1923, 1924 ஆண்டுகளில் அவர்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரான இத்தாலியரின் வீடுகளைச் சூறையாடினர். காரணம் கேட்டால், ‘சாராயம் தேடினோம்.’ அம்மாவட்டத்தில் இரத்தம் சிந்தி, படை வரவேண்டியதாயிற்று. வங்கி முதலாளியின் நிலவறையை அவர்கள் தட்டிப் பார்த்ததாக எங்கும் நான் படிக்கவில்லை.

இனி, ஜாஸ். இசை ஆகுமா ஆகாதா என்னும் பிக்ஹு வழக்கில் நான் இறங்கவில்லை. அதற்கு ஆலிம் பெருமக்கள் உள்ளனர். நான் கேட்பது வேறு. மதுவிலக்கு தோற்றதால் ஜாஸ் பெருகியது, ஜாஸால் ஒழுக்கம் கெட்டது என்ற வாக்கியத்தை நாம் எவருடைய வாயிலிருந்து கற்றோம்?

தென்னாட்டுக் கறுப்பர்கள், தூக்கிலிடும் கும்பல்களுக்கும் கடன் ஒழியாத குத்தகைக்கும் பருத்தியைத் தின்ற புழுவுக்கும் தப்பி, 1916-க்கும் 1930-க்கும் இடையே ஏறத்தாழ 15 லட்சம் பேர் வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். போரினால் ஐரோப்பியக் கூலிகள் வருவது நின்று, ஆலைகள் ஆள் தேடிய காலம் அது. அவர்கள் தங்களோடு கொண்டு போன சொத்து பெரும்பாலும் அவர்களுடைய பாட்டுத்தான். 1922-இல் லூயி ஆம்ஸ்ட்ராங் என்ற இளைஞர் நியூ ஆர்லியன்ஸிலிருந்து சிகாகோவுக்கு ரயிலேறி, கிங் ஆலிவரின் குழுவில் சேர்ந்து எக்காளம் ஊதினார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், அதே சிகாகோவின் ஏரிக்கரையில், வெள்ளையர் குளிக்கும் பக்கமாக மிதந்து வந்துவிட்ட கறுப்புச் சிறுவன் ஒருவன் கல்லெறிபட்டு மூழ்கி இறந்தான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மாண்டனர். 1921-இல் துல்சா நகரில் கறுப்பர் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியில் 35 தெருக்கட்டங்கள் சாம்பலாயின. அந்த மக்களின் இசைதான் நாம் வெறியிசை என்று மேடையில் பழிப்பது.

அக்காலத்தில் அதை முதலில் பழித்தவர்கள் யார்? ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ என்ற பெண்கள் மாத இதழ் 1921 ஆகஸ்டில், ஜாஸ் காட்டுமிராண்டிகளின் ஆட்டத்துக்கு உரியது, அது பாவத்துக்கு வழி என்று எழுதியது. மோட்டார் முதலாளி ஹென்றி ஃபோர்டின் ‘டியர்போர்ன் இண்டிபெண்டன்ட்’ ஏடு அதே ஆண்டில், ஜாஸ் யூதர்களின் சதி என்று எழுதியது. கறுப்பரையும் யூதரையும் ஏசினால் நமக்கென்ன என்று எண்ணுவோர் இருப்பின், அவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. அதே வெறுப்பே 1917-லும் 1924-லும் ஆசிய மக்களுக்கு அமெரிக்கக் கதவை அடைத்த சட்டங்களை இயற்றியது. 1923-இல் பகத்சிங் திந்த் என்ற இந்தியரின் வழக்கில், இந்தியன் வெள்ளையன் அல்லன், எனவே குடியுரிமைக்குத் தகுதியற்றவன் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் நிழலில் நீங்களும் நானும் அடக்கம். பிலால் (ரலி) அவர்களின் பாங்கொலியைப் பெருமையோடு சொல்கின்ற அதே மேடையில், அடுத்த மூச்சில், அந்தக் கூட்டத்தின் வசைமொழியை நாம் அறியாமலே தமிழாக்கி முழங்குகிறோம்.

உண்மையில் ஜாஸ் காலத்தின் ஒழுக்கக்கேட்டைக் காண விரும்புவோர் ஹார்லெமின் காட்டன் கிளப்பைப் பார்க்க வேண்டும். கறுப்பர் வாழும் பகுதியின் நடுவே, மேடன் என்ற தாதா நடத்திய விடுதி அது. 1927 டிசம்பர் முதல் டியூக் எலிங்டன் தம் குழுவோடு அங்கு வாசித்தார். மேடையில் கறுப்பர்; பரிமாறுவோரும் கறுப்பர்; மேசையில் அமர்ந்து திருட்டு மது அருந்துவோர் மட்டும் வெள்ளையர். அடுத்த தெருவில் குடியிருந்த கறுப்பன் காசு கொடுத்தாலும் விருந்தினனாக உள்ளே வர முடியாது. ஒழுக்கம் கெட்டது வாசித்தவனிடமா, கேட்டவனிடமா?

சட்டம் நீங்கிய வரலாற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். வருமான வரி 1913-இல் வருவதற்கு முன், அந்நாட்டு மத்திய அரசின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மது வரியே. டூபான்ட் குடும்பத்தார் போன்ற பெருமுதலாளிகள், மது திரும்பினால் வருமான வரிச்சுமை குறையும் என்று கணக்கிட்டு, மதுவிலக்கை நீக்கும் இயக்கத்துக்கு வாரி வழங்கினர். 1929-இல் பாலின் சேபின் என்ற சீமாட்டி தொடங்கிய மாதர் அமைப்பு, சட்டத்தை மதியாத தலைமுறை வளர்கிறதென்று கூறி, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைத் திரட்டியது. பொருளாதார வீழ்ச்சி வந்தது, கருவூலம் வற்றியது, 1933 டிசம்பர் 5 அன்று தடை நீங்கியது. ஏழையின் கோப்பை மீண்டும் அரசுக்கு வரி கட்டத் தொடங்கியது. 2003 முதல் அரசே சில்லறைக் கடை திறந்து மது விற்கத் தொடங்கிய தமிழகத்தில் வாழும் நமக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

இப்போது மதீனாவுக்கு வருவோம்.

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி புகாரியில் உள்ளது. அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் விருந்து. பேரீச்ச மதுவை இளைஞரான அனஸ் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மது விலக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வந்து சேருகிறது. வீட்டுக்குரியவரே எழுந்து அதைக் கொட்டிவிடச் சொல்கிறார். இந்த நிகழ்ச்சியில் நம் பேச்சாளர்கள் காண்பது வேகத்தை மட்டுமே. அந்த வேகத்துக்குப் பின்னே பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான பயிற்சி இருந்தது. முதலில், மதுவில் பயனும் உண்டு, பாவம் அதனினும் பெரிது என்ற அறிவுறுத்தல் (2:219). பிறகு, போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்ற கட்டுப்பாடு (4:43). இறுதியாகவே முழுத்தடை (5:90, 91). முதலிலேயே ‘குடிக்காதீர்’ என்று இறங்கியிருப்பின், ‘ஒருபோதும் விடமாட்டோம்’ என்றே மக்கள் சொல்லியிருப்பர் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கருத்துரைத்திருக்கிறார்கள்.

அதனினும் மேலாக ஒன்று உண்டு. மதீனாவில் கொட்டப்பட்டது யாருடைய மது? கொட்டியவர்களுடைய மது. அபூதல்ஹா (ரலி) தம் வீட்டுச் சாடியைக் கவிழ்த்தார்களேயன்றி, அண்டை வீட்டுக் கதவை உடைத்துச் சாடியைத் தேடவில்லை. அவர் மதீனத்து அன்ஸாரிகளுள் வசதி மிக்கவர் என்பதையும் நினைவிற்கொள்க. வாஷிங்டனில் சட்டம் இயற்றியோர் தம் கோப்பையை ஒளித்து வைத்துக்கொண்டு, பிறன் கோப்பையைத் தட்டிவிட்டனர். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை இதுதான். அமெரிக்கர் கிறிஸ்தவர், நாம் முஸ்லிம்கள் என்பதன்று. பிற்கால பக்தாதில் அபூநுவாஸ் மதுவைப் பாடிப் புகழ்பெற்றதும், அரசவையில் வரவேற்கப்பட்டதும் முஸ்லிம் ஆட்சியில்தானே?

நான் அறிந்த ஓர் ஊரில், மது அருந்துவோர் வீட்டுத் திருமணத்துக்கு நிக்காஹ் தப்தர் அனுப்புவதில்லை என்று மஹல்லா ஜமாஅத் தீர்மானம் போட்டது. நல்ல நோக்கம்; நானும் மகிழ்ந்தேன். அத்தீர்மானம் முதன்முதலாகப் பாய்ந்தது, மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவருடைய மகளின் திருமணத்தின் மீது. குடித்தவர் தகப்பனார், தலைகுனிந்து நின்றவள் மகள். அதே மாதம் நடந்த மீலாது விழாவில், வெளியூர் போனால் எந்த அறையில் என்ன அருந்துவார் என்று ஊரே அறிந்த செல்வர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவருடைய நன்கொடையில் ஒலிபெருக்கி வந்திருந்தது. அந்த ஒலிபெருக்கியில்தான் அன்றிரவு அமெரிக்க மதுவிலக்கின் தோல்வியை நான் மீண்டும் கேட்டேன்.

தடை வந்த பின்னரும் மதீனாவில் குடித்தவர்கள் இருந்தார்கள், தண்டிக்கவும் பட்டார்கள். இதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர்களுள் அப்துல்லாஹ் என்ற தோழர் ஒருவர். மக்கள் அவருக்கு ஒரு வேடிக்கைப் பட்டப்பெயர் இட்டிருந்தனர். நாயகத்தைச் சிரிக்க வைப்பவர் அவர். குடித்துவிட்டு அடி வாங்கியவர். மீண்டும் குடித்து மீண்டும் கொண்டுவரப்பட்டவர். அப்படி ஒருமுறை கொண்டுவரப்பட்டபோது, கூட்டத்தில் ஒருவர், ‘எத்தனை முறைதான் இவனைக் கொண்டுவருவது!’ என்று சலித்துச் சபித்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவரைச் சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்பதே நான் அறிந்தது என்று சொன்னார்கள். தண்டனை நிறைவேறியது, அவர் ஜமாஅத்தை விட்டு விலக்கப்படவில்லை.

இதுவும் புகாரியில் உள்ள நிகழ்ச்சிதான். எத்தனையோ மீலாது மேடைகளில் அமர்ந்திருக்கிறேன். அந்தத் தோழரின் பெயரை இதுவரை ஒரு மேடையிலும் கேட்டதில்லை.